நாலாவது பாட்டு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அப்பா தையல்காரர். கடையில் மிஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்து அதில் ரேடியோ வைத்திருப்பார். போன மாசியில் காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, துணி அளவு எழுதும் நீள நோட்டு ஒன்று கிடைத்தது. உள்ளே ஒரு அளவும் இல்லை. முழுக்க வானொலிப் போட்டிகள். தேதி, நிகழ்ச்சி, கேள்வி, அவர் எழுதிய விடை, கார்டு போட்ட நாள், முடிவு என்று எண் போட்டு எழுதியிருக்கிறார். 1979-ல் தொடங்கி 412 வரை போகிறது. கடைசிப் பக்கங்களில் மட்டும் வருஷத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்துவிடுகிறது.

இந்த 412-ல் அவருக்குக் கிடைத்தது மூன்றே பரிசு. ஒரு பேனா, ஒரு டிபன் பாக்ஸ், ஒரு சுவர்க் கடிகாரம். "கார்டுக்குப் போட்ட காசைச் சேத்து வெச்சிருந்தா ரெண்டு ஆடு வாங்கியிருக்கலாம்" என்று அம்மா அப்போதும் சொல்வார், இப்போதும் சொல்கிறார். தம்பி இன்னும் மோசம். யாருக்குப் பரிசு என்று முன்னாடியே முடிவு செய்துவிடுவார்கள், சோப்பு விற்பதற்காக அப்பா மாதிரி ஆட்களை ஏமாற்றினார்கள் என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் வானொலி பற்றி எழுதியதைப் படித்திருப்பதால் கேட்கிறேன். இந்தப் போட்டிகள் எங்கிருந்து வந்தன? அப்பா ஏமாந்துதான் போனாரா? நோட்டில் ஒரு பக்கத்தைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

ம.
காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள ம.,

நீங்கள் அனுப்பிய பக்கத்தை இரண்டு நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண் 212. நீல மையில், சாய்ந்த கையெழுத்தில் அப்பா எழுதியிருப்பதை இங்கே மற்றவர்களுக்காக எடுத்தெழுதுகிறேன். "ஐந்து பாட்டின் இடையிசை மட்டும் போட்டார்கள். படம் பெயர் எழுத வேண்டும். 1, 2, 3, 5 தெரிந்தது. 4 தெரியவில்லை. வயலின், நடுவில் ஷெனாய். சலூனில் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. கார்டு போட்டாச்சு. 4 காலி." அதற்குக் கீழே, வேறொரு நாளில், சிவப்புப் பென்சிலில்: "3-ம் தப்பு."

"4 காலி" என்பதைக் கவனித்தீர்களா? ஐந்தும் சரியாக இருந்தால்தான் பரிசு. ஒன்றைக் காலியாக விட்டு அனுப்பினால் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கார்டு போட்டிருக்கிறார். அடுத்த வாரம் உட்கார்ந்து விடைகளைக் கேட்டு, தன் தப்பைத் தானே திருத்தியிருக்கிறார். ஏமாந்தவர் செய்கிற வேலையாக எனக்கு இது தெரியவில்லை.

ஆனாலும் தம்பியின் சந்தேகத்தை ஒதுக்கிவிட முடியாது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

வானொலிப் பரிசுப் போட்டி பெரிதாக வளர்ந்தது அமெரிக்காவில். 1939-ல் அங்கே 'பாட் ஓ கோல்ட்' என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. டெலிபோன் டைரக்டரியிலிருந்து ஒரு எண்ணைச் சக்கரம் சுழற்றித் தேர்ந்தெடுப்பார்கள். மணி அடிக்கும்போது போனை எடுத்தவருக்கு 1000 டாலர். கேள்வி கிடையாது, பதில் கிடையாது, வீட்டில் இருந்தால் போதும். நிகழ்ச்சி வரும் இரவில் ஜனங்கள் சினிமாவுக்குப் போகத் தயங்கினார்கள். எங்கள் தியேட்டரில் உட்கார்ந்திருந்ததால் போனைத் தவறவிட்டீர்கள் என்றால் அந்தப் பணத்தை நாங்கள் தருகிறோம் என்று தியேட்டர்காரர்களே அறிவிக்க வேண்டி வந்தது.

இது சூதாட்டம்தானே என்று அங்கே கேள்வி எழுந்தது. ஒன்றை லாட்டரி என்று சொல்ல மூன்று சங்கதி வேண்டும். பரிசு, அதிர்ஷ்டம், கலந்துகொள்கிறவர் கொடுக்கும் விலை. முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இருக்கிறதா? வீட்டில் உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பதே ஒரு விலைதான் என்று சொல்லி, ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையம் 1949-ல் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு எதிராக விதி கொண்டுவந்தது. 1954-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வெறுமனே கேட்பதை விலை என்று கொள்ள முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். உங்கள் அப்பாவின் நோட்டைப் பார்த்த பிறகு, அந்த ஆணையம் சொன்னதில் ஒரு உண்மை இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. கேட்பதற்கு ஒரு விலை உண்டு. அவர் முப்பது வருஷம் கொடுத்தார்.

தம்பி சொல்லும் மோசடியும் நடந்திருக்கிறது. ஐம்பதுகளில் அமெரிக்கத் தொலைக்காட்சிக் கேள்வி பதில் நிகழ்ச்சிகளில், யார் ஜெயிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்து விடைகளைச் சொல்லிக்கொடுத்தது 1958 வாக்கில் அம்பலமானது. 1960-ல் சட்டத்தையே திருத்தி அதைக் குற்றமாக்கினார்கள். கேட்கிறவர்கள் பக்கமும் மோசடி உண்டு. 1990-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் ஒரு பண்பலை நிலையம், 102-வதாக அழைப்பவருக்கு போர்ஷே கார் என்று அறிவித்தது. கெவின் பவுல்சன் என்பவர் நிலையத்தின் டெலிபோன் இணைப்புகளையே கைப்பற்றி, மற்றவர்களின் அழைப்பு உள்ளே வராமல் அடைத்துவிட்டு, தானே 102-வது ஆளாகப் பேசி காரை வென்றார். பிறகு பிடிபட்டுச் சிறைக்கும் போனார்.

நம் நாட்டுக் கதை கொஞ்சம் வேறு. இங்கே முதலில் பத்திரிகைகளில்தான் போட்டி சூடு பிடித்தது. முப்பதுகளில் விகடனின் குறுக்கெழுத்துப் போட்டிக்கு வீடுகள்தோறும் ஆட்கள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தையும் சொல்லையும் படத்தையும் வைத்துப் புதிர் போட்டுப் பணம் பார்க்கும் தொழில் நாடு முழுக்கப் பெருகிய பிறகு, 1955-ல் மத்திய அரசு பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் 1000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் அத்தகைய போட்டிகளுக்குத் தடை. 1957-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு விளக்கம் சொன்னது: இந்தத் தடை சூதாட்ட வகைக்குத்தான், திறமையால் ஜெயிக்கும் போட்டிக்கு இல்லை. தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. பொருள் வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் குலுக்கல் மாதிரி பரிசு தரும் திட்டங்களை 1979-ல் தனிச் சட்டம் போட்டே தடுத்தது. ஓசூரிலும் தளியிலும் இருப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பெங்களூர் நிலையங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது ஆசை காட்டுகிற மாதிரி ஒரு பரிசு அறிவிப்பு வரும். முடிவில் வேகமாக ஒரு வரி ஓடும்: இந்தச் சலுகை தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது. உங்கள் அப்பா நோட்டைத் தொடங்கியதும் அதே 1979-ல்தான்.

சரி, நம்மூர் ஆட்களை ரேடியோவுக்குக் கடிதம் எழுத வைத்தது யார்? இலங்கை வானொலிதான். 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர் சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து விரட்டினார். கேட்கிறவர்கள் ரேடியோ முள்ளைக் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். அந்த வருஷம் டிசம்பர் 3-ம் தேதி அமீன் சயானி இந்தியில் தொடங்கிய 'பினாகா கீத்மாலா' முதலில் ஒரு போட்டியாகத்தான் இருந்தது. ஏழு பாட்டுப் போடுவார்கள், அவற்றை வெளிவந்த கால வரிசைப்படி அடுக்கி எழுத வேண்டும், பரிசு 100 ரூபாய். பம்பாயில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்புவார்கள். முதல் நிகழ்ச்சிக்கே 9000 கடிதம் வந்தது. ஒரு வருஷத்துக்குள் வாரத்துக்கு 65,000 ஆனது. அத்தனையையும் பிரித்துத் திருத்த ஆளில்லாமல், போட்டியைக் கைவிட்டுப் பாட்டுகளைத் தரவரிசைப்படுத்தும் நிகழ்ச்சியாக மாற்றினார்கள். அந்தக் கடிதங்களின் கனம் டெல்லிக்கும் எட்டியிருக்க வேண்டும். 1957 அக்டோபர் 3-ல், சினிமாப் பாட்டுப் போடும் அகில இந்திய வானொலியின் விவித் பாரதி பிறந்தது.

தமிழில் மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் என்று அவர்களுடைய குரல்களே நமக்கு உறவுக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. ஹமீத் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னால் தொலைக்காட்சிக்கும் வந்ததால் எல்லோருக்கும் தெரியும். ஒரு எழுத்தைக் கொடுத்து அதில் தொடங்கும் பாட்டைச் சொல் மாறாமல் பாட வைப்பது. ஒன்று முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கும் அந்தாதியைப் பல நூறு வருஷமாகப் பாடிய மொழி நம்முடையது. அதனால் அந்த விளையாட்டை யாரும் நமக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம். பஞ்சாயத்து ரேடியோ அறைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து, கூம்பு ஒலிபெருக்கி பாடுவதற்கு முன்னாலேயே பாட்டைச் சொல்லிவிட வேண்டும் என்று நாங்கள் ஆடியதும் அதே ஆட்டம்தான். பேட்டரிக் கட்டை தீர்ந்துபோனால் வெயிலில் காய வைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம்.

அம்மாவின் ஆட்டுக் கணக்குக்கு வருகிறேன். எண்பதுகளில் அஞ்சலட்டை 15 பைசா. 412 கார்டும் அந்த விலைதான் என்றால் 61 ரூபாய் 80 பைசா. எல்லாவற்றுக்கும் பிந்தைய 50 பைசா விலையையே போட்டாலும் 206 ரூபாய். முப்பது வருஷத்துக்குச் சேர்த்து. அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆனால் பேட்டரிக் கட்டைக்கு ஆன செலவு தனி, அதில் அம்மா சொல்வதில் நியாயம் இருக்கலாம்.

அந்த 15 பைசாவுக்கு அவர் என்ன வாங்கினார்? பீகாரில், இப்போதைய ஜார்கண்டில், ஜும்ரி தலையா என்று ஒரு ஊர் இருக்கிறது. அபிரக (மைக்கா) சுரங்க ஊர். இலங்கை வானொலிக்கும் விவித் பாரதிக்கும் விருப்பப் பாட்டுக் கேட்டு அங்கிருந்து குவிந்த கடிதங்களால்தான் அந்தப் பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது. யார் பெயர் அதிக முறை வாசிக்கப்படுகிறது என்று ஊருக்குள்ளேயே போட்டி. அமெரிக்காவில் இதன் நேர் எதிர் ஒன்று நடந்தது. 'ட்ரூத் ஆர் கான்சிக்வென்சஸ்' என்ற வானொலி விளையாட்டு நிகழ்ச்சி 1950-ல் தன் பத்தாவது ஆண்டுக்காக, எந்த ஊர் எங்கள் பெயரை வைத்துக்கொள்ளத் தயார் என்று கேட்டது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர் தன் பெயரை விட்டுவிட்டு நிகழ்ச்சியின் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்றும் அதுதான் பெயர்.

நாம் கேட்டது அதில்லை. நம் ஊர்ப் பெயரை அவர்கள் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965-ல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-ல். இடைப்பட்ட காலத்தில் செய்தியில் எங்கள் பெயர் வந்தால் வறட்சிக்காக வரும், பின்தங்கிய மாவட்டம் என்று வரும். அந்த நாளில் கடலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல், நிறுத்தி நிதானமாக, ஒரு எழுத்தும் பிசகாமல் "பாப்பிரெட்டிப்பட்டி" என்று சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். சரியான விடை எழுதிய பத்துப் பேரில் எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணனும் ஒருவர். பரிசு அவருக்கு வரவில்லை. மறுநாள் காலை அந்தக் கடையில் வெல்லம் வாங்கப் போனவர்கள் எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அவர் தராசுத் தட்டைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. காது வரைக்கும் சிவந்திருந்தது.

போட்டி என்ற பெயரில் பாடமும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். வானொலியின் 'பண்ணைப் பள்ளி'யில் விவசாயிகள் பெயரைப் பதிந்துகொள்வார்கள். வாராவாரம் பாடம், முடிவில் கேள்விகள், நல்ல விடைக்குப் பரிசு. என் மாமா ஒருவர் பென்னாகரம் பக்கம் ராகிக் கொல்லை வைத்திருந்தவர். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர், ஐம்பது வயதில் அரிக்கேன் விளக்கு வைத்துக்கொண்டு விடைத்தாள் எழுதினார். வானொலி சொல்வதை விவசாயி எவ்வளவு காது கொடுத்துக் கேட்டான் என்பதற்கு தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சாட்சி உண்டு. ஆடுதுறை 27 என்ற நெல்லை அறுபதுகளில் திருச்சி வானொலி மூலமாக அறிந்து பயிரிட்டவர்கள், அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கங்கள் மெலிந்துபோனதற்கு அப்பாவின் வயது மட்டும் காரணம் என்று நினைக்காதீர்கள். சாதாரண அஞ்சலட்டையில் போட்டிக்கு விடை எழுதக்கூடாது, அதற்குத் தனியாகப் போட்டி அஞ்சலட்டை வாங்க வேண்டும் என்று தபால் துறை கொண்டுவந்தது. அதன் விலை 10 ரூபாய். 50 பைசாவுக்கு ஆடிய ஆட்டம் இருபது மடங்கு விலைக்குப் போனது. தைத்துப் பிழைக்கும் ஒருவர், ஒரு கேள்வியைக் காலியாக விட்டுவிட்டு 10 ரூபாய் கார்டைப் பெட்டியில் போட மாட்டார். அதே காலத்தில் போட்டிகள் டெலிபோனுக்கும் மாறின. பெங்களூரில் 2001-ல் நாட்டின் முதல் தனியார் பண்பலை வந்தது, மற்ற நகரங்களும் தொடர்ந்தன. முதலில் அழைப்பவருக்குப் பரிசு, அப்புறம் எஸ்எம்எஸ். ஒரு வாரம் யோசிக்கலாம், சலூனில் கேட்கலாம் என்பது போய், விரல் வேகம் ஒன்றே போதும் என்றானது.

அந்தக் காலத்தில் எனக்கே ஒன்று நடந்தது. அப்போது அரூரில் இருந்தேன். வெளியூர்த் தனியார் நிலையம் ஒன்றின் போட்டியில் லைன் கிடைத்து, விடையும் சரியாகச் சொன்னேன். மிக்சி பரிசு, முப்பது நாளுக்குள் நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். பஸ் பிடித்துப் போனேன். ஸ்பான்சர் இன்னும் அனுப்பவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். அடுத்த வாரமும் போனேன். அதே பதில். முப்பது நாள் முடிந்துவிட்டது. இரண்டு முறை போய்வந்த பஸ் காசும் இரண்டு நாள் சம்பளமும் போயின. கோபம் வந்தது, இன்னும் முழுசாகத் தீரவில்லை. ஆனால் அதைவிட எனக்கு வலித்தது, அன்று ஒலிபரப்பில் அந்த அறிவிப்பாளர் என்னிடம் பேசிய விதம். பெயர் கேட்டார். அரூர் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே "ஓகே சார், கங்க்ராட்ஸ்" என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். ஊர்ப் பெயர் பாதியில் அறுந்தது.

அதனால்தான் நம் தருமபுரி அகில இந்திய வானொலியின் 102.5-ல் யாராவது நேயர் பேசும்போது நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன். காரிமங்கலம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று ஊரைச் சொல்ல விடுகிறார்கள். என்ன வேலை செய்கிறீர்கள், மழை பெய்ததா என்று கேட்கிறார்கள். எந்த நிலையம் போட்டி நடத்தினாலும் குறைந்தது இதையாவது செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். சரியான விடை எழுதிய எல்லோருடைய பெயரையும் ஊரையும் வாசிக்க வேண்டும். பரிசு ஒருவருக்குப் போகட்டும். முடிவைத் தேதி சொல்லி அறிவிக்க வேண்டும். தம்பியின் சந்தேகத்துக்கு மருந்தும் அதுதான்.

ஆகவே தம்பியிடம் சொல்லுங்கள். சோப்புக்காரர்கள் சோப்பு விற்றார்கள், உண்மைதான். அப்பா சோப்புக்காக எழுதவில்லை. 212-ம் பக்கத்தைக் காட்டுங்கள், அவனே படித்துக்கொள்வான்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். அந்த நாலாவது பாட்டு. அப்பா அதை அப்படியே விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. சிவப்புப் பென்சிலில் மூன்றாவதைத் திருத்தியவர் நாலாவதன் விடையை அங்கே எழுதவில்லை என்றால், அன்று அந்த இடத்தில் ஒலி விட்டுப் போயிருக்கும், அல்லது கடைக்கு யாராவது அளவு கொடுக்க வந்திருப்பார்கள். 213-லிருந்து ஒவ்வொரு பக்கமாக ஓரத்தைப் பாருங்கள். வயலின், ஷெனாய் என்று எங்காவது மறுபடி குறித்திருக்கிறாரா? கிடைத்தால் உடனே எழுதுங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் போட்டியின் தேதியை அனுப்புங்கள், இங்கே வாசிப்பவர்களில் பழைய பாட்டுக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சேர்ந்து தேடலாம்.